ஒப்பமும் பொறுப்பும்
ஓர் அமைப்பில் ஆவணங்களுக்கு ஒப்புதல் வழங்கும் முறை

ஓர் அமைப்பு எத்துணைச் சிறியதாயினும் அது தாள்களின் வழியாகவே உலகத்தோடு பேசுகின்றது. விழாவுக்கு மண்டபம் கேட்டு எழுதும் கடிதம், பரீட்சை வினாத்தாள், புத்தகக் கடைக்குக் கொடுக்கும் காசோலை, சுற்றுலாவுக்குப் பெற்றோரிடம் பெறும் சம்மதப் பத்திரம், ஆண்டறிக்கை, இப்பொழுது தங்கள் கையிலுள்ள இம்மலர் ஆகிய யாவும் அத்தகையனவே. இவற்றை எழுதுபவர் ஒருவர்தாம். ஆனால், இவை வெளியே செல்லும்போது எழுதியவரின் பெயரால் செல்வதில்லை. பாடசாலையின் பெயரால் செல்கின்றன. ஓர் ஆசிரியை இரவு உணவுக்குப் பின் வீட்டு மேசையில் எழுதிய வரிகள், மறுநாள் அத்தனை குடும்பங்களினதும் வாக்காகிவிடுகின்றன.

ஒருவரின் எழுத்து ஓர் அமைப்பின் வாக்காக மாறுவது எந்தக் கட்டத்தில்? அம்மாற்றத்திற்கு இசைவு அளித்தவர் யார்? பின்னொரு நாள் யாரேனும் கேட்டால் விடை சொல்ல வேண்டியவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் முன்கூட்டியே விடை வகுத்து வைப்பதையே ஆவண ஒப்புதல் முறை என்கிறோம். பெருநிறுவனங்களுக்கும் அரச அலுவலகங்களுக்கும் மட்டுமே உரிய செய்தி இது எனப் பலர் கருதுவர். ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில், நல்லெண்ணம் ஒன்றையே முதலாகக் கொண்டு இயங்கும் எம்மைப் போன்ற அமைப்புகளுக்கே இது மிகுதியாக வேண்டப்படுகிறது என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

ஒப்பம் என்பது யாது?

ஒரு தாளின் அடியில் இடும் கையொப்பம் பார்வைக்கு ஒன்றே. அதன் பொருளோ பல. "இத்தாள் என் கைக்கு வந்தது" என்பது ஒரு பொருள். "இதில் உள்ளவற்றைச் சரிபார்த்தேன்" என்பது இன்னொரு பொருள். "இதனை வெளியிடலாம், விளைவுக்கு நான் பொறுப்பு" என்பது மூன்றாவது பொருள். ஒப்பமிட்டவர் முதற் பொருளில் இட்டிருக்க, அதனைப் பார்த்தவர் மூன்றாம் பொருளில் எடுத்துக்கொள்வாராயின், அங்கேதான் குழப்பம் தோன்றுகின்றது.

ஆகவே ஒப்புதல் முறையில் நான்கு பணிகளைப் பிரித்து அறிதல் வேண்டும். ஆவணத்தை ஆக்குபவர் எழுதுநர். எழுதியது சரியா எனத் தம் துறை அறிவைக் கொண்டு ஆராய்பவர் சரிபார்ப்பவர். அமைப்பின் சார்பில் இசைவு வழங்கிப் பொறுப்பேற்பவர் ஒப்புதல் அளிப்பவர். ஒப்புதல் பெற்ற படியையே உரியவர்களுக்கு அனுப்பி, மூலப்படியைக் கோப்பில் சேர்ப்பவர் வெளியிடுபவர். சிறிய அமைப்புகளில் இருவரே நான்கு பணிகளையும் பகிர்ந்து செய்ய நேரலாம். அதில் தவறில்லை. எழுதியவரே ஒப்புதலும் அளிப்பது மட்டும் கூடாது. தாம் எழுதியதில் உள்ள பிழை தம் கண்ணுக்குப் படுவது அரிது என்பதை, தம் கட்டுரையைத் தாமே திருத்திப் பார்த்த எந்த மாணவரும் அறிவார்.

இப்பிரிவு மேலைநாட்டு அலுவலகங்களில் நேற்றுப் பிறந்தது என எண்ண வேண்டியதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ் மண்ணில் இது மிகத் தெளிவாக நடைபெற்றமைக்குச் செப்பேடுகளே சான்று பகர்கின்றன.

சோழர் காலத்து ஓலை நடந்த வழி

முதலாம் இராசராச சோழன் தனது 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.பி. 1006இல், நாகப்பட்டினத்தில் அமைந்த பௌத்த விகாரை ஒன்றுக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்குமாறு ஆணையிட்டான். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னனாகிய மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் எடுப்பித்த விகாரை அது. இக்கொடையைக் கூறும் 21 செப்பேடுகள் வளையத்தில் கோக்கப்பட்டு, சோழர் முத்திரை பொறிக்கப்பட்டவை. காலப்போக்கில் இவை ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

அரசன் வாய் திறந்து ஆணையிட்டதும் காரியம் முடிந்துவிடவில்லை என்பதே எமது கவனத்துக்கு உரியது. அரசனின் வாய்மொழியைக் கேட்டு எழுத்தில் வடித்தவர் திருமந்திர ஓலை என்னும் அலுவலர். எழுதியது ஆணையோடு பொருந்துகின்றதா எனப் பார்த்து ஒப்பமிட்டவர் திருமந்திர ஓலை நாயகம். பின்னர் அது நிலவரியைக் கவனிக்கும் புரவுவரித் திணைக்களத்துக்குச் சென்றது. அங்கே பல அலுவலர் முன்னிலையில் வரிப்பொத்தகத்தில் பதியப்பெற்றது. ஓர் ஊரின் வருவாய் விகாரைக்குச் செல்லுமாயின் அரசின் கணக்கில் அது குறைய வேண்டுமல்லவா? ஆகவே கணக்கர் அறியாமல் கொடை நிறைவேற இயலாது. இலங்கைத் தமிழர் அரசாங்கப் பிரிவுகளைக் குறிக்க இன்றும் ஆளும் 'திணைக்களம்' என்ற சொல் அந்தச் சோழர் கால அலுவலகத்தின் பெயரிலேயே உள்ளது என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

அதன் பின்னர் ஆணை ஊர்ப்புறத்துக்குச் சென்றது. நாட்டார் அதனை எதிர்கொண்டு தலைமேல் வைத்து ஏற்றனர். பெண் யானையை எல்லை வழியே நடத்திச் சென்று, கல்லும் கள்ளியும் நட்டு எல்லையைக் குறித்தனர். அறவோலை எழுதினர். சுற்றியிருந்த ஊர்களின் சார்பிலும் அதில் கையெழுத்திட்டனர்.

இந்நடைமுறையில் மூன்று நுட்பங்களைக் காண்கின்றோம்.

முதலாவது, ஒவ்வொருவரும் விடையளித்த வினா வேறு. ஓலை நாயகம் "இது அரசன் சொன்னதுதானா?" என்ற வினாவுக்கு விடையளித்தார். திணைக்களத்தார் "கணக்கில் ஏறியதா?" என்பதற்கு விடையளித்தனர். நாட்டார் "எல்லை எது?" என்பதற்கு விடையளித்தனர். ஒருவர் செய்த வேலையை மற்றவர் மீண்டும் செய்யவில்லை. ஒருவர் வேலையை மற்றவர் செய்திருப்பார் என்று எவரும் விட்டுவிடவும் இல்லை.

இரண்டாவது, அயலூரார் கையெழுத்து. கொடை பெறுவது அவர்களல்லர், கொடுப்பதும் அவர்களல்லர். ஆயினும் எல்லை அவர்களுடைய நிலத்தைத் தொடுகின்றது. ஒரு தீர்மானம் எவரைத் தொடுகின்றதோ அவருடைய இசைவையும் பெறுதல் வேண்டும் என்னும் நெறி அதில் உள்ளது.

மூன்றாவது, ஆணை பிறந்த ஆட்சியாண்டும் நாளும் குறிக்கப்பெற்றிருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் நின்றவர் பெயர் எழுதப்பெற்றிருந்தது. இதனால் விளைந்த பயன் பெரிது. இராசராசன் இவ்வறத்தை நிலைபெறச் செய்யும் செப்பேட்டைக் காணவில்லை. அவன் மறைந்த பின், மகன் இராசேந்திரனே அதனைச் செய்வித்தான். ஆணையிட்டவர் மறைந்தும் ஆணை மறையவில்லை. ஒருவர் நினைவில் மட்டும் இருந்திருப்பின் அவரோடு அது போயிருக்கும்.

ஆண்டுதோறும் நிர்வாகக் குழு மாறும் எமது அமைப்புகள் இதனைச் சிந்தித்தல் நன்று. மண்டபத்துக்காரரோடு பேசி முடித்த வாடகை என்ன, சென்ற ஆண்டுப் பாடத்திட்டத்தில் ஏன் ஒரு பாடம் நீக்கப்பட்டது என்பன போன்றவை பழைய செயலாளரின் நினைவில் மட்டும் இருக்குமாயின், அவர் வேறு நகருக்குக் குடிபெயர்ந்த அன்றே பாடசாலை தன் நினைவை இழந்துவிடும்.

முத்திரை இருந்தது, வினா இருக்கவில்லை

ஒப்பங்கள் ஒழுங்காக இருந்தும் ஒப்புதல் இல்லாமற் போகக்கூடும் என்பதற்கு நம் காலத்துச் சான்று ஒன்றுண்டு. அது துயரமானது. ஆயினும் உலகெங்கும் பொறியியல் மாணவருக்குக் கற்பிக்கப்படுவது.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள கன்சாஸ் நகரில் ஹயட் ரீஜன்சி என்னும் பெரிய விடுதி 1980இல் திறக்கப்பட்டது. அதன் முன்மண்டபத்தின் மேல், கூரையிலிருந்து இரும்புத் தண்டுகளால் தொங்கவிடப்பட்ட நடைபாலங்கள் இருந்தன. நான்காம் மாடியின் பாலமும் இரண்டாம் மாடியின் பாலமும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. 1981 ஜூலை 17ஆம் நாள் மாலை, கீழே நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, அவ்விரு பாலங்களும் அறுந்து மக்கள் மேல் விழுந்தன. 114 பேர் உயிரிழந்தனர். 200க்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

காரணம் யாது? முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து இறங்கும் நீண்ட தண்டுகள் மேற்பாலத்தினூடே சென்று கீழ்ப்பாலத்தையும் தாங்குவதாக இருந்தது. இரும்பு வேலை செய்த நிறுவனத்துக்கு அது செய்வதற்குக் கடினமாகப் பட்டது. ஆகவே ஒரு தண்டுக்குப் பதில் இரண்டு தண்டுகளாக மாற்றினர். கூரையிலிருந்து வரும் தண்டு மேற்பாலத்தோடு நின்றது. கீழ்ப்பாலம் மேற்பாலத்திலிருந்து வேறொரு தண்டினால் தொங்கியது.

இதனை மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மரக்கிளையிலிருந்து வரும் ஒரே கயிற்றில் மேலும் கீழுமாக இரண்டு ஊஞ்சற் பலகைகளைத் தனித்தனியே முடிச்சிட்டால் ஒவ்வொரு முடிச்சும் தன் பலகையை மட்டும் தாங்கும். கீழ்ப் பலகையை மேற்பலகையிலேயே கட்டித் தொங்கவிட்டால், மேல் முடிச்சு இருவர் பாரத்தையும் தாங்க வேண்டும். கன்சாஸ் நகரிலும் மேற்பாலத்தின் இணைப்பில் பாரம் இரு மடங்காயிற்று. முதல் வரைபடமே அந்நகரின் கட்டட விதிகள் வேண்டிய வலிமையைக் கொண்டிருக்கவில்லை என்பதையும் பின்னர் அரசின் ஆய்வு வெளிப்படுத்தியது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது இரும்பை அன்று, தாளை. மாற்றம் காட்டிய வரைபடங்கள் 1979இல் கட்டமைப்புப் பொறியியலாளரிடம் அனுப்பப்பட்டன. அவர்களுடைய முத்திரை பதிந்து திரும்பி வந்தன. முறைப்படி எல்லாம் நடந்ததாகவே தோன்றிற்று. ஆனால், "இந்த இணைப்பு இவ்வளவு பாரத்தைத் தாங்குமா?" என்ற ஒரு வினாவை அங்கே எவரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. இரும்பு வேலை செய்தோர், பொறியியலாளர் கணக்கிட்டிருப்பர் என எண்ணினர். பொறியியலாளரோ, இணைப்பின் கணக்கு இரும்பு வேலை செய்தோருக்கு உரியது என வாதிட்டனர். பின்னர் நடந்த விசாரணையில் பொறுப்பு முத்திரையிட்டவர்களுடையதே எனத் தீர்மானிக்கப்பட்டு, அவர்களுடைய தொழில் உரிமம் பறிக்கப்பட்டது.

சோழரின் ஓலையையும் இந்த வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எமது கட்டுரையின் கருத்து விளங்கும். ஒப்பம் என்பது ஒரு குறிப்பிட்ட வினாவுக்கு ஒரு குறிப்பிட்ட மனிதர் அளிக்கும் விடை. வினா இல்லாத ஒப்பம் வெறும் மை.

முறையை அமைப்பது எங்ஙனம்?

இனி, ஒரு வார இறுதித் தமிழ்ப் பாடசாலையை மனத்திற் கொண்டு, இம்முறையைப் படிப்படியாக அமைக்கும் வழியை நோக்குவோம்.

முதற்படி, பட்டியல் எழுதுதல். ஓராண்டில் பாடசாலையின் பெயரால் வெளிச்செல்லும் ஆவணங்கள் யாவை எனக் குழுவினர் ஒருங்கே அமர்ந்து எழுதுக. முப்பது வகைகள் வரினும் வியப்பில்லை.

இரண்டாம் படி, விளைவைக் கொண்டு தரம் பிரித்தல். ஒவ்வோர் ஆவணத்திலும் பிழை நேர்ந்தால் யாருக்கு, எவ்வளவு தீங்கு எனக் கேட்டுப் பார்க்க வேண்டும். "அடுத்த வாரம் வகுப்பு அரை மணி முன்னதாகத் தொடங்கும்" என்னும் அறிவித்தலுக்கு ஒருவர் பார்த்தால் போதும். பணம், பிள்ளைகளின் பாதுகாப்பு, பரீட்சை, ஒப்பந்தம் ஆகியவற்றைத் தொடும் ஆவணங்களுக்கு இருவரோ மூவரோ வேண்டும். எல்லாவற்றுக்கும் ஐந்து ஒப்பங்கள் கேட்பவர் விரைவில் எதையும் வாசியாமல் ஒப்பமிடும் பழக்கத்தையே வளர்த்துவிடுவார். ஒப்பங்கள் மிகுந்தால் கவனம் குறையும். ஐவர் ஒப்பமிடும் தாளில் ஒவ்வொருவரும் மற்ற நால்வரை நம்பிவிடுவர்.

மூன்றாம் படி, ஒவ்வோர் ஒப்பத்துக்கும் ஒரு வினாவை எழுதி வைத்தல். பரீட்சை வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். வகுப்பாசிரியை அதனை ஆக்குகின்றார். வேறோர் ஆசிரியர் கடிகாரத்தை அருகில் வைத்துக்கொண்டு மாணவரைப் போல அதற்கு விடை எழுதிப் பார்க்கின்றார். "குறித்த நேரத்தில் எழுத இயலுமா? எந்த வினாவுக்கேனும் இரு விடைகள் பொருந்துகின்றனவா? கற்பிக்காத பாடம் கேட்கப்பட்டுள்ளதா?" என்பன அவருக்குரிய வினாக்கள். மொழியில் தேர்ந்த மூன்றாமவர் றகர ரகரங்களையும் ணகர னகரங்களையும் பார்க்கின்றார். அதிபர், "மற்ற வகுப்புகளின் தாள்களோடு ஒப்பிடுகையில் இதன் தரம் நேரிதா?" என்னும் ஒன்றைப் பார்த்து ஒப்புதல் அளிக்கின்றார். நால்வரும் ஒரே எழுத்துப்பிழையைத் தேடிக்கொண்டிருப்பதில்லை.

நான்காம் படி, வரிசையை வகுத்தல். சில சரிபார்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். வினாக்கள் மாறக்கூடுமாகையால், மொழித் திருத்தம் விடை எழுதிப் பார்த்த பின்னரே நடத்தற்குரியது. வேறு சில ஒரே நேரத்தில் நடக்கலாம். சுற்றுலாத் திட்டத்தைப் பொருளாளர் செலவு நோக்கிலும், பாதுகாப்புப் பொறுப்பாளர் பிள்ளைகளின் நலன் நோக்கிலும் ஒருங்கே பார்க்கலாம். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஐந்தாம் படி, காலவரையும் பதிலாளும். ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் என்பதும், அவர் ஊரில் இல்லாவிடின் அவருக்குப் பதிலாக யார் என்பதும் எழுதப்படல் வேண்டும். கோடை விடுமுறையில் செயலாளர் தாயகம் சென்றுவிட, மண்டபத்துக்காரர் குறித்த நாள் கடந்து, விழாவுக்கு இடமின்றிப் போகும் நிலை எந்தச் சங்கத்துக்கும் நேரக்கூடியதே. ஒருவரின்றி ஓடாத முறை முறையன்று. ஆயினும் மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளல் ஆகாது. பதிலில்லையேல் பதிலாளிடம் செல்க; ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கருதற்க.

ஆறாம் படி, திருப்பி அனுப்பும் வழி. ஒப்புதல் மறுக்கப்படும்போது காரணம் எழுத்தில் இருத்தல் வேண்டும். "சரியில்லை" என்ற ஒரு சொல் எழுதியவரைப் புண்படுத்துமே அன்றி ஆவணத்தைத் திருத்தாது. "மூன்றாம் வினாவில் இரு விடைகள் பொருந்துகின்றன" என்பது திருத்துவதற்கு உதவும். அது ஆளைப் பற்றியதன்று, தாளைப் பற்றியது.

ஏழாம் படி, ஒப்புதலின் பின் மாற்றமின்மை. ஒப்புதல் பெற்ற ஆவணத்தில் ஒரு எழுத்து மாறினும் அது புதிய ஆவணமே. அது மீண்டும் உரிய வழியே செல்ல வேண்டும். கன்சாஸ் நகரில் உயிர்களைக் கொண்டது இடையில் நுழைந்த மாற்றம்தான். ஆகவே ஒவ்வொரு படிக்கும் எண்ணும் திகதியும் இடுக. "கடைசி", "புதுக் கடைசி", "உண்மையான கடைசி" எனப் பெயரிட்ட மூன்று கோப்புகளுள் அச்சகத்துக்குப் போவது எதுவெனத் தேடுவது மலர்க்குழுவினர் பலர் அறிந்த துன்பம். படி 1, படி 2 என எண்ணிட்டால் அத்துன்பம் இல்லை.

எட்டாம் படி, கோப்பில் இடல். ஒப்புதல் பெற்ற படி, ஒப்பமிட்டோர் பெயர், நாள் ஆகிய மூன்றும் அடுத்த குழுவினர் எடுக்கக்கூடிய ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். அவ்விடம் ஒருவர் வீட்டு அலுமாரியாக இருத்தல் ஆகாது.

இவை எம்முடைய கற்பனையல்ல. 1987இல் முதன்முதலாக வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 9001 என்னும் அனைத்துலகத் தர நியமமும், ஆவணங்கள் வெளியிடப்படுமுன் உரியவரால் ஆராயப்பட்டு ஒப்புதல் பெறுதல், மாற்றங்கள் கட்டுப்படுத்தப்படுதல், வேண்டிய இடத்தில் சரியான படி கிடைத்தல் ஆகியவற்றையே வலியுறுத்துகின்றது.

பணம் பற்றிய தாள்கள்

பணத்தைப் பற்றித் தனியே ஒரு சொல் கூறுதல் தகும். பல சங்கங்களில் காசோலைக்கு இரு ஒப்பங்கள் வேண்டும் என யாப்பிலேயே விதித்திருப்பர். இது நல்ல விதி. ஆனால், வசதி கருதி ஒருவர் பத்து வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே ஒப்பமிட்டு மற்றவரிடம் கொடுத்து வைப்பாராயின், தாளில் இரு ஒப்பம் இருக்கும். காரியத்தில் ஒன்றே இருக்கும். அவ்வாறே, ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் ஒப்பமிடுவோராக இருப்பதும், ஒருவர் தமது செலவுச் சிட்டைக்குத் தாமே ஒப்புதல் அளிப்பதும் தவிர்க்கப்படல் வேண்டும். அவர்கள் தவறு செய்வர் என்பதற்காக அன்று. ஒரு நாள் ஐயம் எழுந்தால், அவர்கள் நேர்மையைக் காட்டுவதற்கு அவர்களிடமே சான்று இருக்காது என்பதற்காக.

கணினி வந்த பின்

முன்னர் கோப்பு ஒன்று மேசைக்கு மேசை சென்றது. இன்று அதே வேலையைக் கணினி செய்கின்றது. ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை குறிக்கப்படும்: வரைவு, ஆய்வில் உள்ளது, திருப்பப்பட்டது, ஒப்புதல் பெற்றது, வெளியிடப்பட்டது, வழக்கொழிந்தது. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாற்றும் உரிமை யாருக்கு என்பதை முதலிலேயே பதிந்து வைத்தால், உரியவருக்குக் கணினியே மின்னஞ்சல் அனுப்பும். நாள் கடந்தால் நினைவூட்டும். ஒப்புதலுக்குப் பின் எவரும் எழுத்தை மாற்றாதவாறு பூட்டும். யார், எந்நாள், எந்நேரம் என்ன செய்தார் என்பதைக் குறித்து வைக்கும். வரிப்பொத்தகத்தில் பதிந்தோரின் பெயரை எழுதிய அதே பணியே இது.

எனினும், கணினியில் விசையை அழுத்துவது மையால் ஒப்பமிடுவதிலும் எளிது என்பதே அதன் ஆபத்தும் ஆகும். பேருந்தில் நின்றவாறு கைத்தொலைபேசியில் 'ஒப்புதல்' எனும் பொத்தானை அழுத்திவிடலாம். தாளைத் திறந்து பாராமலே அழுத்திவிடலாம். அன்றியும் ஒழுங்கற்ற முறையைக் கணினியில் ஏற்றினால், ஒழுங்கின்மை விரைவாக நடக்குமே தவிர ஒழுங்கு பிறவாது. ஆகவே முதலில் ஒரு தாளில் வழியை வரைந்து, ஒரு தவணைக் காலம் கையால் நடத்திப் பார்த்து, தடங்கல்களை நீக்கிய பின்னரே மென்பொருளைத் தேடுதல் அறிவுடைமை. சிறிய பாடசாலைக்கு, பலரும் பகிர்ந்து பார்க்கும் ஓர் அட்டவணையும் ஒழுங்காகப் பெயரிட்ட கோப்புறைகளுமே பெரும்பாலும் போதும். கடவுச்சொற்களைப் பகிர்ந்துகொள்ளல் மட்டும் ஆகாது. ஒருவர் கடவுச்சொல்லால் மற்றவர் ஒப்புதல் அளிப்பது, ஒருவர் கையொப்பத்தை மற்றவர் இடுவதற்கு ஒப்பாகும்.

"எங்களில் நம்பிக்கை இல்லையா?"

இம்முறையை ஒரு சங்கத்தில் முன்மொழிந்தால் எழும் முதற் குரல் இதுவே. ஆண்டுக்கணக்காக இலவசமாக உழைத்தவரிடம், "இனி உங்கள் தாளை இன்னொருவர் பார்ப்பார்" என்றால் அவர் மனம் வருந்துவது இயல்பு. இக்குரலை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. நம்பிக்கையே எமது அமைப்புகளின் மூலதனம்.

வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரத்தையும், அதனை அடுத்துத் 'தெரிந்துவினையாடல்' என மற்றோர் அதிகாரத்தையும் வைத்தார். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயுறுவதும் ஆகிய இரண்டும் தீராத துன்பம் தரும் என்பது அவர் கருத்து. ஒப்புதல் முறை இவ்விரண்டு துன்பங்களிலிருந்தும் காப்பது. எல்லார் தாளுக்கும் ஒரே வழி என்று வகுத்துவிட்டால், சரிபார்த்தல் ஒருவர் மீதான ஐயமாகாது. எல்லாருக்கும் பொதுவான கடமையாகும். முறை இல்லாத இடத்திலேதான், "அவருடைய கணக்கை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?" என்ற மனத்தாங்கல் பிறக்கின்றது. அன்னிய மண்ணில் தமிழர் அமைப்புகள் பிளவுபடுவதற்குக் கொள்கை வேறுபாடு எப்போதும் காரணமாவதில்லை. யார் சொல்லி, யார் எழுதி, யார் அனுப்பியது எனத் தெரியாத ஒரு கடிதமே சில வேளைகளில் போதுமானதாகி விடுகின்றது. அக்கடிதத்தின் அடியில் மூன்று பெயர்களும் மூன்று திகதிகளும் இருந்திருப்பின், பேசித் தீர்க்க ஓர் இடம் இருந்திருக்கும்.

மாணவச் செல்வங்களுக்கு

இது பெரியவர் காரியம் என நீங்கள் எண்ணிவிடாதீர்கள். இந்நாட்டில் எமது குடும்பங்கள் பலவற்றில், ஆவணம் வீட்டுக்குள் வரும் வாசல் நீங்களே. பகற் பாடசாலையிலிருந்தும் வைத்தியசாலையிலிருந்தும் வரும் தாளை வாசித்து, "அம்மா, இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று காட்டுபவர்களும் நீங்களே. அம்மா உங்களை நம்பி ஒப்பமிடுகின்றார். அவ்வேளையில், அரசனின் வாய்மொழியை ஓலையில் வடித்த அலுவலரின் பணியை நீங்கள் ஆற்றுகின்றீர்கள். கோடு இட்ட இடத்தை மட்டும் காட்டுவது போதாது. தாள் என்ன கேட்கிறது, எதற்கு இசைவு கொடுக்கிறோம், வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்ற மூன்றையும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். அதற்குப் போதிய தமிழைக் கற்பதும் இவ்வார இறுதி வகுப்புகளின் பயன்களுள் ஒன்று.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை அவசரமாக நீட்டும் தாளில், "நீ சொன்னால் சரிதானே" என ஒப்பமிட்டுவிடாதீர்கள். சுற்றுலாச் சம்மதப் பத்திரத்தில் உங்கள் ஒப்பம், சோழர் காலத்து அறவோலையில் அயலூரார் இட்ட கையெழுத்தைப் போன்றது. அத்தீர்மானம் உங்கள் எல்லையைத் தொடுகின்றது. பிள்ளைக்கு ஒவ்வாத உணவு எது, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எது என்பன உங்களைத் தவிர வேறெவரும் விடையளிக்க இயலாத வினாக்கள். உங்கள் விடைக்காகவே அங்கே ஓர் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றது.

ஒரு தாளில் ஒப்பமிடுமுன், "இங்கே என்னிடம் கேட்கப்படும் வினா யாது? அதற்கு விடை எனக்குத் தெரியுமா?" என ஒரு கணம் நின்று எண்ணுவோமாக. விடை தெரிந்தால் மகிழ்ந்து ஒப்பமிடுவோம். தெரியாவிடின் கேட்டறிவோம். நாம் இன்று இடும் ஒப்பங்களை ஒரு நாள் எம் பிள்ளைகள் கோப்புகளிலிருந்து எடுத்து வாசிப்பர். அன்று அவர்கள் எவரையும் தேடி அலையாமல், யார் எதனை ஏன் செய்தார் என்பதை அத்தாள்களிலிருந்தே அறிந்து, தம் பணியைத் தொடருமாறு செய்து வைப்பது எமது கடமை.